அனுமதி கொடுத்தும் தடுக்கும் ஃபயர்வால்: கேள்வி பதில்

கணினிக்கு வரும், போகும் இணைப்புகளை விதிப்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் காவலாளிதான் ஃபயர்வால். அதைப் பற்றி வந்த கேள்விகள் பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியவை. அதனால் அதையே முதலில் பார்த்துவிடலாம்.

கேள்வி: ஃபைல் பகிரும் புரோகிராம் ஒன்றுக்கு விண்டோஸ் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு பகுதியில் போய்ப் புதிதாக அனுமதி விதி எழுதினேன். இன்னொரு கணினியிலிருந்து இணைத்தால் இன்னமும் தடுக்கிறது. விதியை அழித்து மறுபடி எழுதியும் பலனில்லை.

பதில்: அந்தப் புரோகிராமை முதன்முதலில் திறந்தபோது ஒரு பெட்டி எழும்பி அனுமதி கேட்டிருக்கும். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தினீர்களா? கேன்சல் என்றால் 'இப்போதைக்கு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்' என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விண்டோஸ் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று (இரண்டும் நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் முறைகள்) என்று வழக்கமாக இரண்டு தடை விதிகளைச் சத்தமில்லாமல் எழுதி வைத்துவிடும். அட்மின் உரிமை இல்லாத கணக்கில் இன்னும் மோசம்: பெட்டியே வராது, தடை விதி மட்டும் பெரும்பாலும் வந்து உட்கார்ந்துவிடும்.

ஒரே புரோகிராமுக்கு அனுமதியும் தடையும் சேர்ந்து இருந்தால் தடைதான் ஜெயிக்கும். எது புதியது, எது பட்டியலில் மேலே இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆகவே நீங்கள் பத்து அனுமதி விதி எழுதினாலும் அந்தப் பழைய இரண்டும் இருக்கும்வரை வேலை நடக்காது. அதே அட்வான்ஸ்டு பகுதியில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' (உள்வரும் இணைப்புக்கான விதிகள்) பட்டியலைத் திறந்து, 'புரோகிராம்' என்ற பத்தியின் தலைப்பைச் சொடுக்குங்கள். ஒரே புரோகிராமின் விதிகள் அடுத்தடுத்து வந்துவிடும். சிவப்புத் தடைக் குறி போட்ட வரிகளை அழியுங்கள். பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

கேள்வி: ஒரு வைஃபையில் சரியாக ஓடுகிறது, வேறு வைஃபைக்கு மாறினால் தடை. ஏன்?

பதில்: விதி 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும் இருக்கும், புது வைஃபையை விண்டோஸ் 'பப்ளிக்' என்று எடுத்திருக்கும். உங்களுடைய நம்பகமான நெட்வொர்க் என்றால் அதை பிரைவேட் ஆக்குங்கள். பொது இடத்து வைஃபை என்றால் தடுப்பதே நியாயம், விட்டுவிடுங்கள். இன்னொன்று: உள்வரும் எல்லா இணைப்பையும், அனுமதிப் பட்டியலில் உள்ளவை உட்பட, தடுக்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி ஒவ்வொரு நெட்வொர்க் வகைக்கும் உண்டு. யாராவது அதில் டிக் போட்டிருந்தால் எந்த அனுமதியும் எடுபடாது.

கேள்வி: சாட் புரோகிராம் ஒன்று, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மறுபடி அனுமதி கேட்கிறது. நான் கொடுத்ததை ஃபயர்வால் மறந்துவிடுகிறதா?

பதில்: மறக்கவில்லை. விதியில் இருப்பது புரோகிராமின் பெயர் அல்ல, அதை ஓட்டும் இஎக்ஸ்இ ஃபைலின் முழுப் பாதை, அதாவது அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது. சில புரோகிராம்கள் ஒவ்வொரு அப்டேட்டையும் பதிப்பு எண் போட்ட புது ஃபோல்டரில் இறக்குகின்றன. பாதை மாறியதும் ஃபயர்வாலுக்கு அது முன்பின் தெரியாத ஆள். பாதையில் நட்சத்திரக் குறி போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். இந்த விதிகளில் அது செல்லாது. அந்தப் புரோகிராம் எப்போதும் ஒரே போர்ட்டைத்தான் (இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) பயன்படுத்தும் என்றால் போர்ட்டுக்கு விதி எழுதலாம். ஆனால் அந்த விதி, அதே போர்ட்டில் வந்து உட்காரும் எந்தப் புரோகிராமுக்கும் கதவைத் திறந்துவிடும். ஆகவே 'ஸ்கோப்' பகுதியில் எந்த ஐபி முகவரிகளுக்கு (நெட்வொர்க்கில் கணினிகளின் எண் முகவரி) என்று சுருக்கிவிடுங்கள்.

கேள்வி: கேம் லாஞ்சருக்கு அனுமதி உண்டு, கேம் மட்டும் இணைய மறுக்கிறது.

பதில்: லாஞ்சர் வேறு, அது கிளப்பிவிடும் கேம் வேறு. அனுமதி பிள்ளைக்குப் போய்ச் சேராது. ஜாவாவில் எழுதிய கேம் சர்வர் என்றால் உண்மையில் ஓடுவது ஜாவாவின் இஎக்ஸ்இ. 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து, நெட்வொர்க் பகுதியில் 'லிசனிங் போர்ட்ஸ்' பாருங்கள். எந்த புராசஸ் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது, ஃபயர்வால் அதை அனுமதிக்கிறதா என்பது அதே வரியில் இருக்கும். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

அதே வரியில் முகவரியையும் பாருங்கள். ஒருமுறை நான் அரை நாள் விதிகளை அழித்து அழித்து எழுதிய பிறகுதான் கவனித்தேன், புரோகிராம் 127.0.0.1 முகவரியில் காத்திருந்தது. அது சொந்தக் கணினிக்குள் மட்டும் கேட்கும் முகவரி. வெளியிலிருந்து யாரும் வர முடியாது. ஃபயர்வாலை வீணாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை. ஃபயர்வால்தானே காரணம்?

பதில்: பெரும்பாலும் இல்லை. விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பு அமைப்பில் உள்வருவதற்குத்தான் தடை, வெளியே போவதற்கு அனுமதி. டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது), விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது), தனி ஃபயர்வாலோடு வரும் ஆன்டிவைரஸ், இந்த மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். விபிஎன் அறுந்ததும் இணையத்தையே நிறுத்திவிடும் 'கில் சுவிட்ச்' அடிக்கடி மாட்டும் ஆசாமி.

கேள்வி: பேசாமல் ஃபயர்வால் சர்வீஸையே நிறுத்திவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம். அந்த சர்வீஸை நிறுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. ஸ்டார்ட் மெனு வேலை செய்யாமல் போகும் அளவுக்குச் சிக்கல் வரலாம். சோதித்துப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் அந்த நெட்வொர்க் வகைக்கு மட்டும் ஓரிரு நிமிடம் அணைத்துவிட்டு உடனே போடுங்கள். அதைவிட நல்லது, ஃபயர்வால் பிராப்பர்ட்டீஸில் 'லாக் டிராப்டு பாக்கெட்ஸ்' என்பதை 'யெஸ்' ஆக்குவது. இயல்பில் அது அணைந்தே இருக்கும். போட்டுவிட்டால், தடுத்த ஒவ்வொன்றையும் நேரம், முகவரி, போர்ட் எண்ணோடு எழுதி வைக்கும்.

எல்லா விதிகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோக 'ரீஸ்டோர் டிஃபால்ட்' உண்டு. அதற்கு முன் 'எக்ஸ்போர்ட் பாலிசி' செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலக லேப்டாப். அட்மின் உரிமை இருக்கிறது, விதியும் பட்டியலில் தெரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை.

பதில்: கணினியில் நேரடியாக எழுதும் விதிகள் செல்லாது என்று குரூப் பாலிசியில் (நிறுவனம் தன் கணினிகளுக்கெல்லாம் மொத்தமாகப் போடும் அமைப்பு) வைத்திருக்கலாம். அப்படியிருந்தால் உங்கள் விதி வெறும் காட்சிப் பொருள். ஐடி பிரிவைக் கேளுங்கள், நீங்களே சுற்றுவழி தேடாதீர்கள்.

கேள்வி: நான் உபுண்டு லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் வைத்திருக்கிறேன். அங்கேயும் தடைதான் ஜெயிக்குமா?

பதில்: இல்லை, அங்கே கதையே வேறு. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவது எதுவோ அதுதான் முடிவு. மேலே ஒரு தடை இருந்தால் கடைசியில் சேர்த்த அனுமதியை அது எட்டிக்கூடப் பார்க்காது. விதிகளை எண்ணோடு பட்டியலிட்டு, புதியதை 'இன்சர்ட்' கட்டளையால் தடைக்கு மேலே செருகுங்கள். டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓட்டுகிறீர்கள் என்றால் தலைகீழ்ப் பிரச்சினையும் உண்டு: டாக்கர் வெளியே திறந்துவிட்ட போர்ட், யூஎஃப்டபிள்யூவில் தடுத்திருந்தாலும் திறந்தே கிடக்கும். வெளியே தெரிய வேண்டாத போர்ட்டை 127.0.0.1 முகவரியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.