ஜெர்மன் சில்வரில் வெள்ளி இல்லை

கேள்வி: என் தங்கைக்குக் காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்துவிட்டது. இனிக் குத்தவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். கிருஷ்ணகிரியில் ஒரு கண்காட்சிக் கடையில், குத்தாமலே காதில் மாட்டிக்கொள்ளும் பழங்குடிப் பாணி நகையைப் பார்த்தோம். நீலப்பச்சைக் கல் பதித்தது, 2,400 ரூபாய். 'ஜெர்மன் சில்வர், அசல் டர்க்காய்ஸ்' என்றார் கடைக்காரர். பில் தரமாட்டாராம். வாங்கலாமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அந்த நகையை வாங்காதீர்கள், சகோதரி. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். அதில் பொட்டு வெள்ளிகூடக் கிடையாது. நிக்கல் பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். பட்ட இடம் அரித்துச் சிவக்கும், சிலருக்கு நீர் வடியும். ஏற்கெனவே தழும்பு வளரும் காதில் அந்த வம்பு வேண்டாம். வெள்ளிதான் வேண்டுமென்றால் 925 தரம் கேளுங்கள்: ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி. ஆனால் '925' என்ற எண்ணை யார் வேண்டுமானாலும் பொறித்துவிடலாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தங்கத்துக்கு அது கட்டாயம், வெள்ளிக்குக் கட்டாயமில்லை. முத்திரை இல்லாத நகை என்றால் உலோகத்தின் பெயரையும் தரத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கல்லுக்கும் இதே கதைதான். ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றினால் டர்க்காய்ஸ் போலவே இருக்கும். கடைக்காரர் சம்மதித்தால், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுக் கல்லின் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நீலம் ஏறினால் சாயக்கல். ஏறாவிட்டாலும் அசல் என்று முடிவு கட்ட முடியாது. பிளாஸ்டிக் பூச்சு சாயத்தை மறைத்திருக்கலாம். சாயக்கல்லை அழகுக்காக வாங்குவதில் தவறே இல்லை. அதற்கு அசல் கல்லின் விலையைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

'பழங்குடி' என்ற சொல்லும் விலையை ஏற்றுகிறது. எந்த மக்கள், எந்த ஊரில் செய்தது என்று கேளுங்கள். தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் துணியில் தைக்கும் பூவேலையை வாங்கினால், தைத்தவர் யார் என்று சொல்ல ஆள் இருக்கிறது. பதில் வராத நகைக்குத் தொழிற்சாலை நகையின் விலையே போதும்.

மாட்டும் விதமும் முக்கியம். மடலை இறுகக் கவ்வும் ஸ்பிரிங் கிளிப் வேண்டாம். காதின் மேல் விளிம்பில் வளைத்துப் போடும் இயர் கஃப் நல்லது. மெல்லிய இடத்தில் நுழைத்து மெதுவாகக் கீழே நகர்த்த வேண்டும். தழும்பின்மேல் எதுவும் படக் கூடாது. கடையிலேயே கால் மணி நேரம் போட்டுப் பாருங்கள். கனமான தொங்கலாக இருந்தால், நம் மாட்டலைப் போல ஒரு சங்கிலியைக் கூந்தலில் குத்திப் பாரத்தை அதில் ஏற்றுங்கள். லம்பாடிப் பெண்கள் காதோரம் தொங்கவிடும் அணிகளைக் கூந்தலில்தான் கட்டுகிறார்கள். காதுக்கு வலியே இல்லை.

பில் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வேறு கடையில் வாங்கி, அங்கும் மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். உண்மையான டர்க்காய்ஸ் கிடைத்துவிட்டால், கல்யாணத்தன்று எண்ணெய், சென்ட் எல்லாம் பூசி உலர்ந்த பிறகு கடைசியாக மாட்டிவிடுங்கள். அந்தக் கல் எண்ணெயை உறிஞ்சி நிறம் மாறிவிடும்.