பல்லைக் கடிக்கும் மாடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் களுவாஞ்சிகுடியில் பிறந்தவள். இப்போது ஒன்ராறியோவில் கால்நடை மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் படிப்பின் கடைசித் தவணையில் இருக்கிறேன். அனுமதி பெற வி.ரி.என்.ஈ. என்ற பரீட்சை எழுத வேண்டும். ஜூலையில் எழுதுவதா, நவம்பருக்குத் தள்ளுவதா என்று குழப்பம். 170 கேள்விகளில் 20க்குப் புள்ளியே இல்லையாம், எந்த 20 என்றும் சொல்ல மாட்டார்களாம். பாஸ்ற் பேப்பரும் கிடையாது. விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். அம்மா வேறு, "மாடு பார்க்கவா கனடா போனாய்?" என்கிறார். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதாததால்தானே இதற்கு வந்தேன், கடைசியில் டொக்டருக்கு உதவியாள்தானே என்று எனக்கே தோன்றுகிறது. நீங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் மாட்டுப் பட்டிகளைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

ஜூலையில் எழுது. படித்தது சூடாக இருக்கும்போது எழுதுவதுதான் புத்தி. மார்ச் 15, ஜூலை 15, நவம்பர் 15 என்று வருஷத்தில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம்தான் பரீட்சை நடக்கிறது. விண்ணப்பம் அதற்குப் பல வாரம் முன்னரே மூடிவிடும். 20 கேள்வி விஷயத்தை விடு. அவை பின்னால் வரப்போகும் பரீட்சைகளுக்காக வெள்ளோட்டம் விடுகிற கேள்விகள். எவை என்று தெரிந்து நீ என்ன செய்யப்போகிறாய்? மூன்று மணித்தியாலம் தருகிறார்கள், 170ஐயும் செய்துவிட்டு வா. பாஸ்ற் பேப்பர் இல்லாதது நல்லதற்குத்தான். நம் பிள்ளைகள் ரியூசனில் பழைய கேள்வியை அடையாளம் கண்டு விடை எழுதப் பழகி, படிப்பதையே விட்டுவிட்டார்கள்.

உதவியாள்தானே என்று எழுதினாயே, அந்த வரிதான் எனக்குக் கோபம் மூட்டியது.

வவுணதீவுக்கு அப்பால் என் மாமாவுக்கு ஒரு பட்டி இருந்தது. அந்தப் பக்கம் மாட்டு டொக்டரைக் கண்டவர்கள் குறைவு. வருகிறவர் ஒரு கால்நடை உத்தியோகத்தர், பழைய மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு பெட்டி. "மாடு தின்னுதில்ல" என்று மாமா சொன்னதும் அவர் ஊசியைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்ததில்லை. முதலில் தள்ளி நின்று பார்ப்பார். சத்தம் போடாதே என்று என்னைக் கையால் அமர்த்துவார். "பல்லக் கடிக்குது, கேக்குதா?" காதைக் கூர்மையாக்கினால் கேட்கும், கல்லில் கல் உரசுகிற மாதிரி. வயிற்று நோவு வந்த மாடு அப்படிப் பல்லைக் கடிக்கும். கத்தாது. பட்டியில் சோர்ந்து தெரிகிற மாட்டைத்தான் புலி முதலில் குறிவைக்கும், அதனால் நோவை மறைப்பது அதற்குப் பிறவிக் குணம்.

அப்புறம் மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முட்டிக்கையை அழுத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். நல்ல மாட்டின் இரைப்பை இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தரம் புரண்டு கையைத் தள்ள வேண்டும். உதட்டை விலக்கி ஈறைப் பெருவிரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்ப்பார். கடைசியில்தான் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி நாடா பிடித்து, நிறையைக் கணக்குப் பார்த்து, மருந்தின் அளவை உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். மாமா அவரை ஒருநாளும் டொக்டர் என்று கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் வந்து போனால்தான் மாமாவுக்கு அன்று சோறு இறங்கும்.

அந்த ஈறு உன் பாடத்திலும் இருக்கிறது, இல்லையா? அறுவைச் சிகிச்சையில் டொக்டரின் கண் கத்தி வைத்த இடத்தில் இருக்கும். மயக்கத்தில் கிடக்கிற நாயின் தலைமாட்டில் நிற்பவள் நீ. ஈறின் நிறம், நாடி, மூச்சு, கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தாடை இறுகுகிறதா தளர்கிறதா, எல்லாம் உன் பொறுப்பு. அது உயிரோடு எழும்புமா என்பதை முதலில் அறிகிறவளும் நீதான். நோய் இன்னதென்று முடிவு செய்வது, மருந்து எழுதிக்கொடுப்பது, கத்தி வைப்பது, இவை டொக்டருடைய வேலை என்று சட்டம் சொல்கிறது. சரி. மிச்சமெல்லாம் யாருடைய வேலை? உன் பரீட்சையில் நோவைத் தணிப்பதற்கென்றே தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்களே, அதைப் படித்துவிட்டுமா உதவியாள் என்று மூக்கால் அழுகிறாய்?

நம் ஊரில் டொக்டர், இஞ்சினியர் தவிர மற்றதெல்லாம் தோல்விக் கணக்கு. நாட்டிலேயே கால்நடை மருத்துவ பீடம் என்று இருப்பது பேராதனையில் ஒன்றே ஒன்று. அதில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் மாட்டைத் தொடக் கூடாதவர்களா? 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த மழையிலும் குளிர்காற்றிலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. செத்தபிறகு மாதிரி எடுத்துப் பரிசோதித்து, குளிர்தான் காரணம் என்றார்கள். அந்த இராத்திரிகளில் வெட்டவெளியில் நனைந்து நடுங்கிய மாட்டுக்குப் பக்கத்தில் நிற்க நமக்கு எத்தனை பேர் இருந்தார்கள்? டொக்டர்கள் மட்டும் போதும் என்று நினைக்கிற ஊருக்கு இதுதான் கிடைக்கும். இதை நான் பத்து இடத்தில் சொல்லிவிட்டேன், பதினோராவது இடத்திலும் சொல்வேன்.

அம்மாவின் நம்பரை அனுப்பு, நான் பேசுகிறேன். சட்டித் தயிர் இல்லாமல் விருந்துச் சோறு முடிக்காத ஊரில் இருந்துகொண்டு மாடு பார்ப்பது கேவலம் என்றால், அந்தத் தயிர் எங்கிருந்து வருகிறது என்று நான்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முதல் விண்ணப்பத்தை அனுப்பு. நீ படித்ததற்கான சான்றை அனுப்பும்படி கல்லூரிக்கும் இன்றைக்கே எழுது, அது அவர்களிடமிருந்து நேரடியாகப் போக வேண்டும். 200இலிருந்து 800 வரை போகிற அளவில் 425 எடுத்தால் சித்தி, எட்டாத உயரமில்லை. பெயரை மட்டும் கவனி. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் இருந்தால் விண்ணப்பத்திலும் எழுத்துப் பிசகாமல் அப்படியே போடு. பரீட்சை நாளன்று வாசலில் நிற்கிற வெள்ளைக்காரனுக்கு நம் முதலெழுத்து வழக்கத்தை விளங்கப்படுத்திக்கொண்டிருக்க முடியாது.