செட்டோ மக்களின் மண் இரண்டானது எப்படி?

ஒரே செட்டோ இனம் எஸ்டோனியாவிலும் ரஷ்யாவிலும் ஏன் பிரிந்து கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லைக்கோடுதான் அவர்கள் நடுவே வந்து விழுந்தது.

எஸ்டோனியாவும் சோவியத் ரஷ்யாவும் செய்த 1920 தார்த்து அமைதி உடன்படிக்கைப்படி, செட்டோக்கள் வாழும் பெச்சோரி நகரும் சுற்றுவட்டாரமும் எஸ்டோனியாவிடம் இருந்தன. 1944-ல் சோவியத் அரசு அதில் பெரும்பகுதியை ரஷ்யாவின் பிஸ்கோவ் மாகாணத்தில் சேர்த்தது. அப்போது எஸ்டோனியாவும் ரஷ்யாவும் ஒரே சோவியத் நாட்டுக்குள் இருந்ததால் மக்கள் வழக்கம்போலப் போய்வந்தார்கள். 1991-ல் எஸ்டோனியா விடுதலை பெற்றது. அப்புறம் அந்த நிர்வாகக் கோடே நாடுகளின் எல்லையாக இறுகியது.

பெச்சோரிதான் அவர்களின் சந்தை, அவர்களின் மடாலயம். செட்டோக்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். திருநாட்களில் கல்லறை மேல் துணி விரித்து, உணவு வைத்து, இறந்தவர்களை நினைத்து உறவினரோடு உண்பார்கள். அந்தக் கல்லறைக்குப் போகவே விசா வேண்டும் என்பதுதான், என் பார்வையில், இந்தப் பிரிவினையின் மிகப் பெரிய கொடுமை.

ரஷ்யா 2010-ல் அவர்களைச் சிறுபான்மைப் பழங்குடியாக அங்கீகரித்தது. எஸ்டோனியாவோ தன் மக்களில் ஒரு பிரிவாகவே பார்க்கிறது. ஆனாலும் செட்டோ பண்பாடு எஸ்டோனியாவில்தான் வலுவாக இருக்கிறது: ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் ‘லேலோ’ பாட்டு மரபு 2009-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.