மாசி, பங்குனியில் ராமநாதபுரம் கடலோர மண்சாலை சைக்கிள் பந்தயம்: 28 மி.மீ. அகல டயர் போதுமா?

போதாது. இத்தாலியில் சியெனா பக்கம் மார்ச் தொடக்கத்தில் நடக்கும் ஸ்ட்ராடே பியாங்கே சைக்கிள் பந்தயத்தில் 30 மி.மீ.யை ஒட்டிய டயரில் பறக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே பாதிக்கு மேல் தார்ச்சாலை. வெள்ளைச் சரளையும் நன்கு இறுகியது. நம் பக்கம் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சரளையே இல்லை. சீமைக்கருவேல முள்ளும், சக்கரம் புதையும் பனங்காட்டு மணலும்தான்.

குறைந்தது 40 மி.மீ. டயர் போடுங்கள், கட்டாயம் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாதது). ஒவ்வொரு டயருக்கும் 90 மி.லி. சீலன்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். பந்தயத்துக்கு முந்தைய வாரம் வால்வின் உள்பாகத்தை மட்டும் கழற்றி ஒரு குச்சி விட்டுப் பாருங்கள், நனையாவிட்டால் மறுபடி ஊற்றுங்கள்.

முள் குத்தியும் காற்று இறங்கவில்லை என்றால் ஓடும்போது பிடுங்காதீர்கள், முள்ளே அடைப்பாக நிற்கும். இறங்கினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கும். அடைக்காவிட்டால் ஓட்டைக்குள் பிளக் எனும் ரப்பர் திரியைச் செருகுங்கள். பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். வேறு வழியில்லாமல் டியூப் போடும்போது, முன்பு சீலன்ட் அடைத்துவிட்ட பழைய முள் நுனிகள் டயருக்குள் நீட்டிக்கொண்டே இருக்கும். புது டியூப் ஒரு கிலோமீட்டர்கூடத் தாங்காது. உள்பக்கம் முழுக்கத் துணியால் துடையுங்கள்; துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கிறது. வெறும் விரலை விடாதீர்கள். சின்ன இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

காற்று: 70 கிலோ எடை உள்ளவருக்கு முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ. மணல் அதிகமான தடமென்றால் இரண்டிலும் 4 குறையுங்கள். அதற்கும் கீழே போனால் கல்லில் ரிம் அடிபடும். மணலுக்குள் நுழையும் முன்பே லேசான கியருக்கு மாற்றி, உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து மிதித்துக்கொண்டே இருங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் விழுவீர்கள்.

வாலிநோக்கம் போன்ற உப்பளப் பகுதிகளில் வெள்ளை பூத்த உவர்நிலத்தை நம்பாதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு, அடியில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மாசியிலும் இருக்கும். பொருக்கு உடைந்தால் களி ஒட்டிச் சக்கரம் சுற்றாது. டயருக்கும் அதைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் (முன் கவடு) நடுவே 6 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

முற்பகல் ஏற ஏறக் கடல்காற்று வலுக்கும். சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று தெற்குக் கரையோரம் போனால் அது பக்கவாட்டில் அடிக்கும். அதற்குமுன் காற்றுக்கு மறைவாக ஒரு குழுவில் சேர்ந்துவிடுங்கள்.

மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்பு.

செயினுக்கு எண்ணெய் வேண்டாம், மணலை இழுத்துக்கொள்ளும். மெழுகு வகை போதும். முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் பேரிங் பக்கம் பீய்ச்சி அடிக்காமல்.