செல்ஜுக் பேரரசு முடிந்தது எந்த ஆண்டு?

வணக்கம் தோழி. ஒரு புத்தகத்தில் 1157, இன்னொன்றில் 1194, மூன்றாவதில் 1308 என்று இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். மூன்றுமே சரிதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கிளையின் முடிவு.

1040இல் தண்டநாகன் போரில் கஜ்னவி அரச மரபினரை வென்று எழுந்த செல்ஜுக் துருக்கியர், 1055இல் பாக்தாத்துக்குள் நுழைந்தார்கள். 1071இல் மன்சிகெர்ட்டில் பைசாந்தியப் பேரரசரையே சிறைபிடித்தார்கள். என்னைக் கேட்டால், உண்மையான முறிவு 1092தான். அக்டோபரில் அமைச்சர் நிஜாம் அல்முல்க் கொலை, அடுத்த மாதமே சுல்தான் மாலிக் ஷா மரணம். அப்புறம் வாரிசுச் சண்டைதான்.

கிழக்கே குராசான் பகுதியை ஆண்ட சுல்தான் சஞ்சாரை 1153இல் ஓகுஸ் துருக்கியர் பிடித்தார்கள். பகலில் அரியணையில் உட்காரவைத்து, இரவில் கூண்டில் அடைத்தார்கள் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும். தப்பி வந்தும் 1157இல் இறந்துபோனார்; அதோடு கிழக்குக் கிளை முடிந்தது. மெர்வ் நகரில் அவர் கல்லறை இன்றும் நிற்கிறது.

1194இல் ரய் நகர் அருகே குவாரசம் அரசின் படையிடம் செல்ஜுக் சுல்தான் மூன்றாம் துக்ரில் வீழ்ந்ததோடு ஈரான், ஈராக் கிளை முடிந்தது. 1308 அனதோலியாவின் (இன்றைய துருக்கிப் பகுதி) ரூம் கிளைக்கு உரியது. தேர்வில் 'பேரரசு' என்று மட்டும் கேட்டால் 1194 எழுதி, கிளையையும் குறிப்பிட்டுவிடுங்கள்.