போஸ்டர் சைல்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: ஆங்கிலத்தில் ஒருவரை ஏதாவது ஒன்றுக்கு ‘போஸ்டர் சைல்ட்’ என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்? தமிழில் அதை எப்படிச் சொல்லலாம்?

ஒரு குணத்துக்கோ கொள்கைக்கோ அச்சு அசலாகப் பொருந்தி நிற்கும் ஆளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நம் வாயில் அது ‘இலக்கணம்’ என்று வரும். பொறுமைக்கு இலக்கணம், நட்புக்கு இலக்கணம். பாதி இடங்களில் இந்த ஒரு சொல்லே போதும், வேறு தேட வேண்டாம்.

மீதிப் பாதிதான் சிக்கல். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன், இந்தத் தொடர் மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது என் மேசைக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் இதை நல்லதுக்கும் சொல்வார்கள், கெட்டதுக்கும் சொல்வார்கள். ‘இலக்கணம்’ என்றதும் தமிழ்க் காதில் ஒரு மரியாதை ஒலிக்கிறது. 2001இல் திவாலான என்ரான் நிறுவனத்தை ‘கணக்கு மோசடிக்கு இலக்கணம்’ என்று எழுதினால் கிண்டல் செய்வது போல ஆகிவிடும். மூலத்தில் கிண்டல் இல்லை. அந்த இடத்தில் நான் ‘கணக்கு மோசடி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது என்ரான்’ என்று எழுதினேன். நீளம்தான், ஆனால் சொல்ல வந்தது அதுதான். ‘பேர் போனது’ என்றும் எழுதலாம்.

ஒரு இயக்கத்துக்காக ஒருவர் உலகத்தின் முன் நிற்கிறார் என்றால் ‘முகம்’ என்ற சொல் கச்சிதமாக உட்காரும். 17 வயதில், 2014இல், நோபல் அமைதிப் பரிசு பெற்ற மலாலாவைப் பெண் கல்வியின் முகம் என்று சொன்னால் விளக்கமே தேவையில்லை.

நம்மிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. கொடைக்குக் கர்ணன், தூக்கத்துக்குக் கும்பகர்ணன், உண்மைக்கு அரிச்சந்திரன், சூழ்ச்சிக்குச் சகுனி. எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது, பேச்சில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மொழிபெயர்ப்பில் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். கர்ணனைக் கதை உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறது. போஸ்டர் சைல்ட் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அது உண்மையிலேயே ஒரு போஸ்டரில் இருந்த குழந்தை.

இந்த வரலாறு தெரிந்தால்தான் தொடரின் எடை பிடிபடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல், 39 வயதில், இளம்பிள்ளைவாதம், அதாவது போலியோ, வந்தது என்றார்கள் மருத்துவர்கள். இரண்டு கால்களும் செயலிழந்தன. போலியோவை ஒழிக்க 1938இல் அவர் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு டைம், அதாவது 10 சென்ட் நாணயம், வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டார்கள். லட்சக்கணக்கில் நாணயங்கள் தபாலில் வந்து குவிந்தன. ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

1946இல் அந்த அறக்கட்டளை, ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறுவனைத் தன் முதல் போஸ்டர் குழந்தையாக நாடு முழுக்கக் காட்டியது. ஒரே போஸ்டரில் அவனுக்கு இரண்டு படங்கள். ஒன்றில் தொட்டிலுக்குள் நோயாளியாக நிற்கிறான், மற்றதில் வீறுநடை போட்டு வருகிறான். உங்கள் நாணயங்கள்தான் எனக்கு இதைச் செய்தன என்று அவனே சொல்வது போல ஒரு வரி. பார்த்தவர்கள் கை தானாகப் பைக்குள் போயிருக்கும். அதன் பிறகு ஆண்டுதோறும் புதுக் குழந்தை, புதுப் போஸ்டர். மற்ற அமைப்புகளும் இதே வழிக்கு வந்தன. அந்தக் காசு வீண்போகவில்லை. ஜோனஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தார்கள், அந்த ஆராய்ச்சிக்கும் பரிசோதனைக்கும் பணம் கொடுத்தது இதே அறக்கட்டளைதான்.

ஆனால் குழந்தைகள் வளர்ந்தார்கள். தசைச் சிதைவு நோய்க்கு நிதி திரட்ட நடிகர் ஜெர்ரி லூயிஸ் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் நடத்திய நிகழ்ச்சியை எதிர்த்து 1990களின் தொடக்கத்தில் தெருவில் நின்றவர்களில், முன்பு அதே நோய்க்குப் போஸ்டர் குழந்தைகளாக இருந்தவர்களும் உண்டு. எங்களுக்குப் பரிதாபம் வேண்டாம், உரிமை வேண்டும் என்பதுதான் அவர்கள் பேச்சு. நான் அவர்கள் பக்கம்தான். நாணயம் விழுந்தது நல்லதற்கே என்றாலும், அந்தப் படத்தில் நிற்பது எப்படி இருந்தது என்று யாரும் அந்தக் குழந்தையைக் கேட்கவில்லை.

இது எனக்கு உறைத்தது ஒரு பேட்டியைச் சரிபார்த்தபோது. பேசியவர் வயதான அமெரிக்கப் பெண்மணி, சிறு வயதில் போலியோ வந்தவர். தன் ஆறு வயதைப் பற்றிச் சொல்லும்போது ‘நான் போஸ்டர் சைல்டாக இருந்தேன்’ என்கிறார். என்னிடம் வந்த தமிழில் ‘ஆறு வயதிலேயே எல்லோருக்கும் முன்னுதாரணமாகத் திகழ்ந்தேன்’ என்று இருந்தது. அகராதியைப் பார்த்தால் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வரியிலேயே அவர், காலில் மாட்டிய இரும்புப் பட்டை நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கவுனைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள் என்கிறார். அன்று அது தனக்குப் பிடிக்கவில்லை, அம்மாவிடம் சொல்லவும் தெரியவில்லை என்கிறார். முன்னுதாரணமாகத் திகழ்ந்தவர் பேசுகிற பேச்சா அது?

அதனால் நான் ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்லும்போது இலக்கணம், முகம், பேர் போனவர் என்று இடத்துக்கு ஏற்றதைப் போடுகிறேன். சொல்கிறவருக்கே உடல் குறைபாடு இருந்தால், அல்லது பேச்சு நோயைப் பற்றியோ நிதி திரட்டலைப் பற்றியோ இருந்தால், முதலில் உண்மையான போஸ்டரா என்று பார்ப்பேன். ‘சுவரொட்டிக் குழந்தை’ என்று மட்டும் எழுத மாட்டேன், படிக்கிறவருக்கு அதில் ஒன்றும் விளங்காது.

அந்தப் பேட்டியில் வரியை இப்படி மாற்றினேன்: ‘போலியோ நிதிக்காக ஒட்டிய போஸ்டரில் இருந்த குழந்தை நான்தான்.’