வேதாகமத்தில் தேவதூதர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தேவதூதர்களைப் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். பெயர்கள் பழைய திருப்புதல் வேதாகமத்தில் உள்ளபடி. கேட்டவர்களில் கத்தோலிக்கரும் இருப்பதால், தேவையான இடத்தில் அவர்கள் சபையின் நிலையையும் சொல்கிறேன்.

பிரதர், தேவதூதர்களுக்கு நிஜமாகவே சிறகு உண்டா? படங்களில் குண்டுக் குழந்தைகளாக வரைகிறார்களே?

சிலருக்கு உண்டு, தம்பி. ஏசாயா 6-இல் வரும் சேராபீன்களுக்கு ஆறு செட்டைகள். இரண்டால் முகத்தை மூடுகிறார்கள், இரண்டால் கால்களை மூடுகிறார்கள், இரண்டால் பறக்கிறார்கள். பரிசுத்தமான அந்த ஆவிகளே தேவனுக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பதை நன்றாகக் கவனியுங்கள். எசேக்கியேல் பாபிலோன் தேசத்தில் சிறைப்பட்டவர்கள் நடுவே, கேபார் நதியண்டையில் பார்த்த ஜீவன்களுக்கு நான்கு செட்டைகளும் நான்கு முகங்களும் இருந்தன: மனுஷமுகம், சிங்கமுகம், எருதுமுகம், கழுகுமுகம். அவை கேருபீன்கள் என்று 10-ஆம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார்.

ஆனால் செய்தி கொண்டு வருகிற தூதர்கள் பெரும்பாலும் மனிதர்களைப் போலத்தான் தெரிகிறார்கள். ஆபிரகாம் மம்ரேயில் மூன்று புருஷர்களுக்குச் சாப்பாடு போட்டார். லோத்தின் வீட்டுக்கு வந்த இருவரையும் சோதோம் ஊரார் சாதாரண வழிப்போக்கர்கள் என்றே நினைத்தார்கள். கல்லறைக்குள் பெண்கள் கண்டது ஒரு வாலிபனை என்கிறார் மாற்கு.

குண்டுக் குழந்தை உருவம் ஐரோப்பிய ஓவியர்களிடமிருந்து வந்தது. வேதத்தில் கேருபீன்களை நாம் முதலில் சந்திப்பது ஏதேன் தோட்டத்தின் வாசலில். சுடரொளிப் பட்டயத்தோடு ஜீவவிருட்சத்துக்குப் போகும் வழியைக் காவல் காக்கிறார்கள். பார்த்தவர்கள் நடுங்கினார்கள். அதனால்தான் சகரியாவிடமும் மரியாளிடமும் மேய்ப்பர்களிடமும் "பயப்படாதே", "பயப்படாதிருங்கள்" என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஐயா, இறந்துபோன நல்லவர்கள் தேவதூதர்களாக மாறுகிறார்களா?

இல்லை. மத்தேயு 22:30-இல் உயிர்த்தெழுந்தவர்கள் தேவதூதரைப் போல இருப்பார்கள் என்று இயேசு சொன்னது, கொள்வனை கொடுப்பனை, அதாவது திருமணம், அங்கே இல்லை என்ற விஷயத்தில்தான். தூதர்கள் தனியாகப் படைக்கப்பட்டவர்கள். பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோதே தேவபுத்திரர் எல்லாரும் கெம்பீரித்தார்கள் என்று யோபு 38-இல் வாசிக்கிறோம்.

துக்க வீட்டில் "உங்கள் பிள்ளை தேவதூதனாகிவிட்டது" என்று ஆறுதல் சொல்வது அன்பினால்தான். ஆனால் வேதம் அதைவிடப் பெரிய ஒன்றைத் தருகிறது. அந்தப் பிள்ளை அந்தப் பிள்ளையாகவே எழுந்திருக்கும். தேவன் மனிதனாக வந்தார், தூதனாக வரவில்லை. எபிரெயர் 2:16 இதைத்தான் பேசுகிறது. தேவதூதர்களையும் நியாயந்தீர்ப்போம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். நமக்கு வைக்கப்பட்டிருக்கிற இடம் அப்படிப்பட்டது.

ஏழு அதிதூதர்கள் யார் யார்?

எல்லாச் சபைகளும் ஏற்கிற புத்தகங்களில், தேவனுடைய தூதர்களாகப் பெயர் சொல்லப்பட்டவர்கள் மிகாவேலும் காபிரியேலும் மட்டுமே. கத்தோலிக்க வேதாகமத்திலுள்ள தோபித்து நூலில் இரபேல் வருகிறார். ஏழு தூதர்களில் ஒருவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார். ஊரியேல் என்ற பெயர் இந்த வேதாகமங்களில் சேராத பழைய நூல்களில் இருக்கிறது. தூதர்களை ஒன்பது வகுப்பாக அடுக்கிச் சொல்லும் வழக்கம் கி.பி. 500-ஐ ஒட்டி தியோனீசியு என்ற பெயரில் எழுதிய ஒருவரிடமிருந்து பரவியது. படித்து வைத்துக்கொள்ளலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்ட வேண்டாம்.

"கர்த்தருடைய தூதனானவர்" என்று பழைய ஏற்பாட்டில் வருகிறவர் இயேசுதானா? எங்கள் போதகர் அப்படித்தான் சொல்கிறார்.

உங்கள் போதகர் பழமையான ஒரு கருத்தைத்தான் சொல்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் ஆதிச் சபை எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டிர் அப்படி எழுதினார். பிற்காலத்துச் சபை அறிஞர் அகுஸ்தீன் வேறு விதமாகச் சொன்னார்: வந்தது படைக்கப்பட்ட தூதன், ஆனால் தேவனுடைய இடத்தில் நின்று பேசினான் என்று.

வசனங்களைப் பார்த்தால் ஏன் இந்தக் கேள்வி எழுகிறது என்று புரியும். முட்செடியில் தரிசனமானவர் கர்த்தருடைய தூதனானவர் என்று யாத்திராகமம் 3 சொல்கிறது. இரண்டு வசனம் தள்ளி, கூப்பிடுகிறவர் தேவன். சிம்சோனின் தகப்பன் மனோவா அவருடைய நாமத்தைக் கேட்டபோது, என் நாமம் அதிசயம் என்று பதில் வருகிறது. அனுப்பினவரையும் வந்தவரையும் பிரித்துப் பார்க்க முடியாதபடிதான் இந்தப் பகுதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கிறிஸ்துவின் வருகைக்கு இது ஆயத்தம் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இவர் இயேசுவேதான் என்று அடித்துச் சொல்ல வசனம் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தூதனானவர் வேதத்தில் முதன்முதலாகத் தோன்றுவது ஆபிரகாமுக்கு அல்ல, ஆகாருக்கு! எகிப்து தேசத்து அடிமைப்பெண், கர்ப்பிணி, கடினமாக நடத்திய எஜமானியிடமிருந்து ஓடிவந்து வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் இருக்கிறாள். ஆதியாகமம் 16-இல் ஆபிராமும் சாராயும் அவளைப் பெயர் சொல்லி ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை, அடிமைப்பெண் என்றுதான் பேசுகிறார்கள். தூதனானவர் "ஆகாரே" என்று கூப்பிடுகிறார். எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். அவள் அவரை "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்கிறாள். தூதர் யார் என்று பல மணி நேரம் வாதாடுகிற நாம், அவர் யாரிடம் போனார் என்பதை விட்டுவிடுகிறோம்.

எனக்கென்று ஒரு காவல் தூதர் இருக்கிறாரா?

சிறியரில் ஒருவனையும் அற்பமாய் எண்ணாதிருங்கள், அவர்களுடைய தூதர்கள் பரலோகத்தில் பிதாவின் சமுகத்தை எப்போதும் தரிசிக்கிறார்கள் என்று இயேசு சொன்னார் (மத்தேயு 18:10). சிறையிலிருந்து வெளியே வந்த பேதுரு விசுவாசிகள் கூடியிருந்த வீட்டின் கதவைத் தட்டியபோது உள்ளே இருந்தவர்கள், அவருடைய தூதனாயிருக்கலாம் என்றார்கள். இந்த நம்பிக்கை ஆதிச் சபையில் இருந்தது தெரிகிறது. கத்தோலிக்க சபை அக்டோபர் 2-இல் காவல் தூதர்கள் விழா கொண்டாடுகிறது. தூதர்களின் பாதுகாப்பு உறுதி. ஆளுக்கு ஒருவர் என்ற கணக்கை வேதம் நேராகச் சொல்லவில்லை.

சங்கீதம் 91-இன் தூதர் வாக்குத்தத்தத்தைச் சாத்தானும் எடுத்துக் காட்டினான், தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லி. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டிவிட்டு அந்த வசனத்தைச் சொல்லாதீர்கள்.

தூதர்களை நோக்கி ஜெபிக்கலாமா? ஒரு கூட்டத்தில் "தூதர்களுக்குக் கட்டளையிடுங்கள்" என்று போதித்தார்கள்.

வெளிப்படுத்தலில் யோவான் தூதனுடைய பாதத்தில் இரண்டு தரம் விழுந்தார். இரண்டு தரமும் தூதன் தடுத்தான்: நானும் உன்னோடேகூட ஒரு ஊழியக்காரன், "தேவனைத் தொழுதுகொள்" என்றான். கத்தோலிக்கர் மிகாவேலிடம் பரிந்துபேசக் கேட்பது ஆராதனை அல்ல என்று அவர்கள் சபையே தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகள் அதையும் செய்வதில்லை.

கட்டளையிடும் போதனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். சங்கீதம் 103 சொல்வதுபோல் அவர்கள் கர்த்தருடைய வார்த்தையைச் செய்கிறவர்கள். அவர்களை ஏவும்படி நமக்குச் சொல்கிற ஒரு வசனமும் இல்லை. இயேசுவே பன்னிரண்டு லேகியோனுக்கு (ரோமப் படைப்பிரிவு) அதிகமான தூதரை அனுப்பும்படி பிதாவை வேண்டிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். வேண்டிக்கொள்ளவும் இல்லை.

சாத்தான் விழுந்துபோன தூதனா?

ஆம் என்றே சபை போதித்து வந்திருக்கிறது. பாவஞ்செய்த தூதர்களைப் பற்றி 2 பேதுருவும் யூதாவும் பேசுகின்றன. வெளிப்படுத்தல் 12-இல் மிகாவேல் அவனோடு யுத்தம்பண்ணுகிறார். ஏசாயா 14 பாபிலோன் ராஜாவுக்கும் எசேக்கியேல் 28 தீரு ராஜாவுக்கும் எதிராகச் சொல்லப்பட்டவை. அவற்றைச் சாத்தானுக்குப் பொருத்துவது பிற்கால விளக்கம்.

அண்ணா, என் மகனுக்காக இரவும் பகலும் ஜெபித்தோம். எந்தத் தூதரும் வரவில்லை. எங்கள் விசுவாசம் குறைவு என்று சிலர் சொல்கிறார்கள்.

தங்கச்சி, அப்படிச் சொன்னவர்கள் அப்போஸ்தலர் 12-ஐ முழுதாக வாசிக்கவில்லை. சங்கிலிகள் கழன்று விழ, இரும்புக்கதவு தானாகத் திறக்க, தூதன் பேதுருவை வெளியே கொண்டுவந்தது அந்த அதிகாரத்தில்தான். அதே அதிகாரத்தின் 2-ஆம் வசனத்தில் யோவானின் சகோதரன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான். தூதன் வரவில்லை. ஏன் என்று லூக்கா ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்றும் எழுதவில்லை. எபிரெயர் 11-இல் பட்டயக்கருக்குத் தப்பினவர்களும் பட்டயத்தினால் வெட்டப்பட்டவர்களும் விசுவாச வீரர்களின் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள்.

கெத்செமனேயில் ஒரு தூதன் வந்து இயேசுவைப் பலப்படுத்தினான் என்று லூக்கா 22 சொல்கிறது. ஆனால் நீங்கும்படி அவர் ஜெபித்த பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. பிதாவின் அன்பு அந்த இரவில் குறைந்ததா? உங்கள் ஜெபத்தில் குறை இருந்தது என்று இனி யாராவது சொன்னால், யாக்கோபின் பெயரைச் சொல்லுங்கள். நானும் உங்கள் வீட்டாருக்காக ஜெபிக்கிறேன்.

ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தேவதூதர்களைப் பற்றிச் சொல்ல எந்தக் கதையை எடுக்கலாம்?

1 இராஜாக்கள் 19-ஐ எடுங்கள், டீச்சர். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவிடம் தூதன் வருகிறான். கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கவும் விடுகிறான். அப்புறம் இரண்டாம் தரம் எழுப்பி, பயணம் வெகுதூரம், சாப்பிடு என்கிறான். பிள்ளைகளுக்கு நடித்துக் காட்ட நல்ல கதை. அடுத்த வாரத்துக்கு எண்ணாகமம் 22, பிலேயாமின் கழுதை.